படிகார மயில்

தளி
10-1-1954

மைத்துனன் திம்மராயனுக்கு கோவிந்தப்பன் சொல்ல, துணிக்கடை நசருல்லா எழுதுவது.

இங்கே நானும் இரண்டு எருதுகளும் சௌக்கியம். அங்கே நீயும் உன் கடைவாய்ப் பல்லும் எப்படி இருக்கிறீர்கள்? பல்லைப் பிடுங்கிப் போடு என்று கார்த்திகை மாதம் இரண்டாவது செவ்வாய்க்கிழமை சந்தையில் வைத்துச் சொன்னேன். நீ கேட்கவில்லை.

சங்கராந்திக்குச் சக்கரை அச்சு செய்து, ஒரு கூடையில் வைத்து, இந்தக் கடிதத்தோடு பஸ் கண்டக்டரிடம் கொடுத்து அனுப்புகிறேன். நாலு கிளி, இரண்டு யானை, இரண்டு துளசி மாடம், ஒரு மயில், ஆக ஒன்பது. மாதம்மாள் இருந்தபோது செய்வது போலவேதான் செய்தேன். பாகில் ஒரு கரண்டி பால் விட்டு அழுக்கு எடுத்தேன். மர அச்சுகளை விடியற்காலையிலிருந்து தண்ணீரில் ஊறப்போட்டேன். பாகு ஓரத்தில் வெளுக்கும்போது ஊற்ற வேண்டும், ஒரு மூச்சு தாமதித்தாலும் சட்டியிலேயே கல்லாகிவிடும். உன் தங்கை இதை எனக்குச் சொல்லித் தந்ததில்லை. அடுப்புக்கு எதிரே உட்கார்ந்து அவளோடு சண்டை போட்டுக்கொண்டே பார்த்தது.

போன உகாதிக்கு நான் கிளம்பும்போது நீ கட்டிக் கொடுத்த ஆறு ஒப்பட்டில் நாலாவதில் பூரணத்துக்குப் பதில் தவிடு வைத்திருந்தாய். நான் மறக்கவில்லை.

பர்கூர் சம்பந்தம் என்ன ஆயிற்று? தை பிறந்ததும் வருவார்கள் என்று சொன்னாய். வந்தால் காவேரியை எழுதச் சொல்.

_______________
காவேரி, இந்தக் கோட்டுக்குள் இருப்பதை வாய்விட்டுப் படிக்காதே. மயில் சக்கரை இல்லை, படிகாரம். உருக்கி ஊற்றி, மேலே சக்கரைப் பொடி தூவியிருக்கிறேன். தனியாக எடுத்து வைத்து உன் அப்பன் கையில் மட்டும் கொடு. வேறு யார் வாய்க்கும் போகக் கூடாது. கடித்து முகம் சுருங்கியதும், "தவிட்டுக்குப் பதில்" என்று சொல்லி ஒரு சொம்பு வெல்லத் தண்ணீர் கொடு. அவன் முகம் எப்படிப் போயிற்று என்று எனக்கு எழுது.
_______________

இப்படிக்கு,
கோவிந்தப்பன்


கிருஷ்ணகிரி
20-1-1954

தளி கோவிந்தப்பன் அவர்களுக்கு திம்மராயன் சொல்ல, மகள் காவேரி எழுதுவது.

மச்சான் என்று கூப்பிட இன்றைக்கு மனம் வரவில்லை. நீங்கள் என்றே எழுதச் சொல்கிறேன்.

17-ம் தேதி ஞாயிற்றுக்கிழமை பர்கூரிலிருந்து பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அப்பா கரியப்பன், அவர் சம்சாரம், இன்னும் நாலு பேர். எல்லாம் நல்லபடியாகத்தான் போயிற்று. கரியப்பன் கேட்டார்.

"பொண்ணு என்ன படிச்சிருக்குது?"

"எட்டாவது பாஸ். டீச்சர் டிரெயினிங்குக்கு மனுப் போடலாம்னு ஸ்கூல்ல சொல்றாங்க" என்றேன்.

"களி கிண்டற கைக்கு டிரெயினிங் எதுக்குங்க? நம்ம வூட்டுக்கு வந்துட்டா பேப்பரு, பேனா, கடுதாசி எதுவும் ஆகாது. இப்பவே சொல்லிப்புட்டேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பலகாரத் தட்டு வந்தது. நீங்கள் அனுப்பிய அச்சுகளும் அதில் இருந்தன. மயில் அவர் தட்டில் இருந்தது. பார்த்துவிட்டு, "அடடே, மயிலு. நமக்குத்தான் மரியாதை" என்று பாதியைக் கடித்தார்.

அவருக்கு வாய் மூடவும் முடியவில்லை, திறக்கவும் முடியவில்லை. கன்னம் இரண்டும் உள்ளே போய்விட்டது. புது வேட்டியிலேயே துப்பினார். "நாக்க இழுக்குதே, என்னத்தடா வெச்சீங்க" என்று குழறினார். ஒரு துண்டை எடுத்து அவர் சம்சாரம் நாக்கில் வைத்துப் பார்த்து, "படிகாரம். சவரம் பண்ற கல்லு. கூப்பிட்டு வெச்சு கேலி பண்றீங்களா?" என்றாள். வெற்றிலை எடுக்காமல் போய்விட்டார்கள்.

முகூர்த்த நாள் கூடப் பார்த்து வைத்திருந்தேன். உங்கள் விளையாட்டில் என் பெண்ணின் கல்யாணம் போயிற்று. கூடையில் விஷமம் வைத்து அனுப்பும் ஆள், ஒரு வார்த்தை எச்சரிக்கை செய்யக் கூடாதா?

உகாதிக்கு இங்கே வர வேண்டாம்.

திம்மராயன்


தளி
27-1-1954

மைத்துனன் திம்மராயனுக்கு கோவிந்தப்பன் எழுதிக்கொள்வது.

உன் கடிதத்தை நசருல்லா இரண்டு தரம் படித்தான். முதல் தரம் படிக்கும்போது கன்னம் உள்ளே போன இடத்தில் சிரித்துவிட்டான். பிறகு என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

மயில் நான் செய்ததுதான், இல்லை என்று சொல்ல மாட்டேன். கரியப்பனுக்கு ஆள் மூலம் மன்னிப்புச் சொல்லி அனுப்பவும் தயார். ஆனால் ஒன்று எனக்குப் பிடிபடவில்லை. பிடிபட்டதும் எழுதுகிறேன்.

உகாதிக்கு வர வேண்டாம் என்பதை மட்டும் இன்னொரு தரம் யோசித்துப் பார். மாதம்மாள் போன பிறகு ஆறு உகாதியும் உன் வீட்டில்தான் சாப்பிட்டேன். எனக்குப் போக வேறு வீடு இல்லை.

_______________
காவேரி, இது உனக்கு. நான் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது, எழுதியது நசருல்லாவுக்கு ஞாபகம் இருக்கிறது. கோட்டுக்குள் எழுதியிருந்தோம். நீ படித்தாயா, இல்லையா? தட்டு மாறிப் போயிற்றா? கை தவறியது என்றால் உன் அப்பனிடம் சொல்லிவிடு. அவன் சத்தம் போடுவான், அடிக்க மாட்டான்.
_______________

கோவிந்தப்பன்


கிருஷ்ணகிரி
4-2-1954

தளி கோவிந்தப்பன் அவர்களுக்கு.

மயில் நான் செய்ததுதான் என்று நீங்களே ஒப்புக்கொண்டீர்கள். அதற்கு மேல் பிடிபட என்ன இருக்கிறது? மன்னிப்பு அனுப்ப வேண்டாம். பர்கூரிலிருந்து வந்த ஆள், ஜாதகத்தைத் திண்ணையிலேயே திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனான். சந்தையில் என்னைப் பார்க்கிறவன் எல்லாம், "என்னா திம்மராயா, மயிலு இருக்குதா?" என்கிறான். 

உகாதியைப் பற்றி யோசித்தேன். சொன்னது சொன்னதுதான்.

திம்மராயன்

_______________
மாமா, இது அப்பா சொல்லாதது. அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருக்கிறார்.

கோட்டுக்குள் இருந்ததைப் படித்தேன். மயிலை அப்பாவுக்கென்று அலமாரியில் தனியாக எடுத்து வைத்தேன். சங்கராந்தி அன்று பல்வலி என்று அவர் எதையும் தொடவில்லை. நல்ல வேளை பார்த்துக் கொடுக்கலாம் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பர்கூர்க்காரர் பேனாவும் கடுதாசியும் ஆகாது என்று சொன்னபோது நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். அப்பா சிரித்ததும் கேட்டது. உள்ளே போய் அலமாரியைத் திறந்து, மயிலை எடுத்து அந்தப் பர்கூர்க்காரர் தட்டில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்தேன். கை தவறவில்லை மாமா. தெரிந்துதான் வைத்தேன்.

பழி உங்கள் மேல் வரும் என்று அப்போது நினைக்கவில்லை. பிறகு அப்பா கடிதம் எழுதச் சொன்னபோது, எழுதிக்கொண்டே சொல்லிவிட நினைத்தேன். சொல்லவில்லை. தெரிந்தால் அடுத்து வருகிற முதல் இடத்தில் கட்டிக் கொடுத்துவிடுவார்.

நான் செய்ததை நீங்கள் அப்பாவுக்கு எழுதுங்கள். கோடு போட வேண்டாம். ஓர் எழுத்தும் விடாமல் உரக்கப் படித்துக் காட்டுகிறேன்.
_______________


தளி
14-2-1954

மைத்துனன் திம்மராயனுக்கு கோவிந்தப்பன் எழுதிக்கொள்வது.

பிடிபடவில்லை என்று எழுதியிருந்தேன் அல்லவா, இப்போது பிடிபட்டுவிட்டது. மயில் படிகாரம் என்று கடிதத்தில் ஓர் எச்சரிக்கை எழுதச் சொல்ல நினைத்திருந்தேன். தவிட்டைப் பற்றியும் உன் பல்லைப் பற்றியும் பேசிக்கொண்டே போனதில் அதைச் சொல்ல மறந்துவிட்டேன். கூடையைக் கட்டியாயிற்று, பஸ் ஹாரன் அடித்தது, கொடுத்துவிட்டேன். உன் வீட்டில் யாருக்கும் தெரிய வழியில்லை. தெரியாமல் தட்டில் வைத்துவிட்டார்கள். குற்றம் முழுக்க என்னுடையது.

எனக்கு எழுபது ஆகிறது. மறதி வருகிற வயதுதான்.

இதை எழுதும்போது நசருல்லா பேனாவை நிறுத்திவிட்டு, "பெரியவரே, என் கடையில போன ரம்ஜானுக்கு எத்தினி முழம் மல்லுத் துணி வித்துதுன்னு நீங்கதானே எனக்குச் சொல்றீங்க? உங்களுக்கு மறதியா?" என்றான். எழுது என்றேன், எழுதினான்.

காவேரியை எதுவும் கேட்க வேண்டாம். இந்தக் கடிதத்தில் கோடு எதுவும் இல்லை.

கோவிந்தப்பன்


கிருஷ்ணகிரி
22-2-1954

மச்சானுக்கு திம்மராயன் எழுதச் சொல்வது.

இரண்டு கடிதத்தில் நீங்கள் என்று சொல்லிப் பார்த்தேன். நாற்பத்திரண்டு வருஷப் பழக்கம், வாயில் நிற்கவில்லை.

உன் கடிதத்தைக் காவேரி படிக்கும்போது நடுவில் நிறுத்தி, மறுபடி படி என்றேன். மறந்துவிட்டேன் என்றுதான் எழுதியிருக்கிறாய். மச்சான், நீயா மறப்பாய்? உன் கல்யாணத்துக்கு எங்கள் வீட்டில் எத்தனை பந்தக்கால் நட்டோம் என்று எனக்குத் தெரியாது, உனக்குத் தெரியும். என் தங்கை செத்துப் பதினாறாம் நாள், நான் இருபது வருஷம் முன்னால் அவளைப் பற்றிச் சொன்ன ஒரு வார்த்தையை, சொன்ன இடத்தோடு எனக்கே எடுத்துச் சொன்னவன் நீ. அன்றைக்கு உன் மேல் எவ்வளவு கோபம் வந்தது. ஆனாலும் நீ சொன்னது சரியாக இருந்தது.

அப்படிப்பட்டவன் ஒரு மயிலை மறந்தாயா? இல்லை. மறதி இல்லை என்றால் தெரிந்து செய்தாய். பர்கூர்க்காரர்கள் வரப்போவது உனக்குத் தெரியும். நானே சொன்னேன்.

ஏன் செய்தாய் என்று மட்டும் சொல். உள்ளதைச் சொன்னால் விழுங்கிக்கொள்வேனோ மாட்டேனோ தெரியாது. ஆனால் பொய்யை விழுங்க முடியவில்லை.

இங்கே இன்னொரு காரியமும் நடந்தது. இந்த வருஷம் யாரும் பெண் கேட்டு வரப்போவதில்லை. பள்ளிக்கூடத்து டீச்சரம்மா வீட்டுக்கே வந்து, "சும்மா உக்காந்திருக்கறதுக்குப் படிக்கட்டுமே" என்றாள். சேலத்துப் பயிற்சிப் பள்ளிக்கு மனுவில் கைநாட்டு வைத்துக் கொடுத்தேன். இடம் கிடைத்தால் ஜூனில் போய்விடுவாள். அதன் பிறகு இந்த வீட்டில் கடிதம் படிக்க ஆளில்லை. சொல்வதை அதற்குள் சொல்.

திம்மராயன்


தளி
3-3-1954

மைத்துனன் திம்மராயனுக்கு கோவிந்தப்பன் எழுதிக்கொள்வது.

உன் கடிதம் வந்து ஐந்து நாள் ஆயிற்று. நசருல்லா தினமும், "பதில் எழுதலாமா பெரியவரே?" என்று கேட்டான். இன்றைக்கு எழுது என்றேன்.

நீ சொன்னது சரி. எனக்கு மறதி இல்லை. தெரிந்துதான் செய்தேன்.

தை பிறந்ததும் வருவார்கள் என்று சந்தையில் நீ சொன்னபோதே, கரியப்பன் வீட்டைப் பற்றி விசாரித்தேன். மூத்த மருமகள் பிறந்த வீட்டுக்கு எழுதிய கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போட்டார்கள் என்று அந்தப் பக்கம் மாடு வாங்கப் போனவன் சொன்னான். உன்னிடம் சொன்னால் கேட்க மாட்டாய் என்று தெரியும். நிலத்தைப் பார்த்தாய், மாட்டைப் பார்த்தாய், மாடி வீட்டைப் பார்த்தாய். ஆகவே மயிலைச் செய்தேன். யார் வாயில் விழ வேண்டும் என்று நினைத்தேனோ அந்த வாயில் விழுந்தது. இந்தக் காரியத்தில் என்னைத் தவிர யாருக்கும் பங்கு இல்லை. தட்டில் வைத்தவர்களுக்கு அது சக்கரைதான்.

ஏன் என்று கேட்டாய். சொல்கிறேன். எனக்கு எழுத்துத் தெரியாது, உனக்கும் தெரியாது. நீ வைத்த தவிடு, நீ உன் தங்கையைச் சொன்ன வார்த்தை, நான் அவளைச் சொன்னவை, எதையும் ஒரு காகிதத்தில் இறக்கி வைத்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடிந்ததில்லை. எல்லாவற்றையும் தலையிலேயே வைத்துக்கொண்டு உன்னோடும் அவளோடும் சண்டை போட்டேன். காவேரிக்கு இறக்கி வைக்கத் தெரியும். பிறகு உன் கோபத்தை அவள் எழுதிய விதத்தை நசருல்லா படிக்கக் கேட்டபோதும் அதுதான் தெரிந்தது. நீ சிரித்ததையும் விடாமல் எழுதியிருந்தாள். அந்தக் கையிலிருந்து பேனாவைப் பிடுங்குகிற வீட்டுக்கு அவள் போகக் கூடாது என்று முதலிலேயே நினைத்தேன். உன் அனுமதி இல்லாமல் நினைத்தேன். அது தப்புதான்.

மனுவில் கைநாட்டு வைத்ததாக எழுதியிருந்தாய். அதைத் திருப்பி வாங்காதே. கோபம் என் மேல்தான், அதை மனுவின் மேல் காட்ட வேண்டாம்.

இதைப் படித்த பிறகு என்னை உன் வீட்டு நடையேற விடமாட்டாய் என்பது எனக்குத் தெரியும். நான் உன் இடத்தில் இருந்தாலும் அப்படித்தான் செய்வேன். பதில் எழுத வேண்டாம். சேலம் போகிறவளுக்குத் துணி வேண்டும், நசருல்லா கடையிலிருந்து இரண்டு சீலை பார்சலில் வரும். அதை என் பேர் சொல்லி வாங்க வேண்டாம், மாதம்மாள் பேர் சொல்லி வாங்கிக்கொள்.

உகாதிக்கு நான் தளியிலேயே இருந்துகொள்கிறேன். அன்றைக்கு நசருல்லா கடை திறந்திருக்குமாம்.

இப்படிக்கு,
கோவிந்தப்பன்