எங்கள் சமையலறை மிதிவண்டி நிலையம் அல்ல என்பது குறித்து

அனுப்புநர்
க. சின்னண்ணன்,
லாரி தார்ப்பாய் தைக்கும் கடை உரிமையாளர்,
பேருந்து நிலையத் தென்சந்து,
பூலாங்கரடு, நாமக்கல் மாவட்டம்.

பெறுநர்
ஆணையர் அவர்கள்,
நகராட்சி அலுவலகம்,
பூலாங்கரடு.

பொருள்: பொது மிதிவண்டித் திட்டம் – கைபேசி வரைபடத்தில் நிலையம் என் வீட்டுச் சமையலறைக்குள் காட்டப்படுவது – அதனால் நேர்ந்தவை – சமையலறையை ஆக்கிரமிப்பு எனக் கூறி ஒட்டப்பட்ட அறிவிப்பை நீக்கக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மா,

1. முதற்கண், நான் இத்திட்டத்திற்கு எதிரானவன் அல்லன் என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். பேருந்து நிலையத் தெற்கு வாயிலில் நீலக்கூரை போட்டு மிதிவண்டி நிலையம் திறக்கப்பட்ட அன்று நானும் கடையை மூடிவிட்டு வந்து கைதட்டினேன். கைபேசியைக் காட்டினால் பூட்டுத் திறக்கும், ஏறிப் போகலாம், வேறொரு நிலையத்தில் விட்டுவிடலாம் என்று சொன்னார்கள். பைபாஸில் இறக்கிவிடப்பட்டு, ஆட்டோக்காரரின் முகத்தைப் பார்த்து நிற்கும் எங்கள் ஊர் மக்களுக்கு இது எவ்வளவு பெரிய உதவி என்பதை நான் அறிவேன்.

2. என் வீடு மேற்படி நிலையத்திற்குப் பின்புறச் சந்தில் உள்ளது. சமையலறையின் பின்கதவு சந்தைப் பார்த்துத் திறக்கும். திறப்பு விழா முடிந்த மறுநாள் காலை, என் மனைவி சாரதாமணி தேங்காய்ச் சட்னி அரைத்துக்கொண்டிருந்தபோது, அக்கதவு வழியாக ஒரு மிதிவண்டியின் முன்சக்கரம் உள்ளே வந்தது. அதைத் தொடர்ந்து வங்கியில் பணிபுரியும் கலைமணி என்ற பெண் வந்தார். என் மனைவி கரண்டியை எடுத்ததாகவும், பிறகு அவருடைய முகத்தைப் பார்த்துக் கரண்டியை வைத்துவிட்டதாகவும் கூறினார்.

3. அந்தப் பெண்ணின் மேல் குற்றமில்லை. நீலக்கூரையின் கீழ் நிறுத்தினால் பூட்டு மூட மறுக்கிறது. "நீங்கள் நிலையத்தில் இல்லை" என்று கைபேசி சொல்கிறது. பூட்டாமல் விட்டுச் சென்றால் பயணம் முடியாது. வண்டியைத் திருப்பித் தரவில்லை என்று அவர் பெயரில் பதிவாகும். வரைபடத்தில் நிலையத்தைக் குறிக்கும் புள்ளி எங்கே இருக்கிறதென்று தேடிக்கொண்டே நடந்த அவர், எங்கள் சமையலறையில் வந்து நின்றார். "தப்பா எடுத்துக்காதீங்கம்மா. மிக்சி வெச்சிருக்கற மேடைகிட்டப் போனாத்தான் மூடுதுங்க" என்றார். அவ்வாறே போனார். பூட்டு மூடியது. "உங்கள் பயணம் முடிந்தது, நன்றி" என்று கைபேசி ஒரு பெண் குரலில் உரக்கச் சொன்னது. அவர் பூட்டிய பின்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்தபடி வண்டியை வெளியே தள்ளிச் சென்று நீலக்கூரையின் கீழ் வைத்துவிட்டு வேலைக்குப் போனார்.

4. கலைமணி அதை வங்கியில் சொன்னார். வங்கிக்கு வந்தவர்கள் ஊரில் சொன்னார்கள். ஒரு வாரத்திற்குள் எங்கள் சமையலறை வழியாகக் கோழித்தீவன விற்பனையாளர்கள், விடுதிப் பள்ளிகளின் ஆசிரியர்கள், உடற்பயிற்சிக்காக மிதிப்பவர்கள் ஆகியோர் வரத் தொடங்கினர். ஒருநாள் பொறுக்க மாட்டாமல் பின்கதவைத் தாழிட்டேன். சேலம் பேருந்தைப் பிடிக்க வேண்டிய ஓர் அம்மாள், மிதிவண்டியைத் தூக்கி எங்கள் சுற்றுச்சுவரின் மேல் சாய்த்து வைத்துக்கொண்டு, கைபேசியை உள்ளே நீட்டியபடி அழுதார். அவருடைய தங்கைக்கு அன்று பிரசவம். என் மனைவி என்னை ஒரு பார்வை பார்த்தார். "வா சாமி, உள்ள கொண்டா" என்று தாழை நீக்கினார். அதன்பின் அக்கதவு பகலில் மூடப்படவில்லை. அடுப்படி அழுக்காகாமல் இருக்கட்டும் என்று "காலணிகளைக் கழற்றிவிட்டு வரவும்" என ஓர் அட்டை மட்டும் மாட்டினோம். நாங்கள் விரும்பியே நிலையம் நடத்துகிறோம் என்பதற்குச் சாட்சியாக இந்த அட்டையைத் தங்கள் அலுவலகத்தார் பின்னர் புகைப்படம் எடுத்தனர் என்பதையும் இங்கேயே குறிப்பிட்டுவிடுகிறேன்.

5. இது குறித்து முன்னரே ஒரு மனு அளித்தேன். தங்கள் அலுவலகத்திலிருந்து ஒரு பொறியாளர் வந்தார். நீலக்கூரையின் கீழ் நின்று கைபேசியைப் பார்த்தார். எங்கள் சமையலறையில் நின்றும் பார்த்தார். என் மனைவி கொடுத்த மோரைக் குடித்தார். செயலியில் பிழை எதுவும் இல்லை, அது புள்ளி இருக்கும் இடத்தைச் சரியாகவே காட்டுகிறது என்றார். புள்ளி ஏன் எங்கள் வீட்டில் இருக்கிறது என்று கேட்டதற்கு, அது வேறு பிரிவைச் சேர்ந்த கேள்வி என்றார்.

6. இனி என் குடும்பத்திற்கு நேர்ந்ததைக் கூற வேண்டியுள்ளது. என் ஒரே மகள் சண்முகப்பிரியா கோழி நோய்ப் பரிசோதனைக் கூடத்தில் பணிபுரிகிறார். அவருக்குச் சங்ககிரிப் பக்கமிருந்து ஒரு வரன் அமைந்தது. லாரிகள் வைத்திருக்கும் குடும்பம். வைகாசியில் ஒரு நல்ல நாளில் பெண் பார்க்க வந்தார்கள். எல்லாம் நல்லபடியாகவே சென்றது. மாப்பிள்ளையின் பெரியப்பா தொண்டையைச் சரிசெய்துகொண்டு, "அப்ப ரெண்டு பேரும் சேர்ந்து வாழ்க்கையைத் தொடங்கறதுக்கு..." என்று ஆரம்பித்தார். சமையலறைக்குள்ளிருந்து "உங்கள் பயணம் முடிந்தது, நன்றி" என்று குரல் வந்தது.

மாப்பிள்ளையின் தாயார் கையிலிருந்த லட்டைத் தட்டில் வைத்துவிட்டார். நான் எழுந்து, மிதிவண்டித் திட்டத்தையும், செயலியையும், வரைபடத்தையும் விளக்கினேன். விளக்கிக்கொண்டிருக்கும்போதே இன்னொருவருக்கும் பயணம் முடிந்தது. "சகுனம் ஒத்தையா வந்திருந்தாலும் பரவாயில்லீங்க" என்று சொல்லிப் பெரியப்பா எழுந்தார். அவர்கள் போன பிறகு என் மகள் காலிக் குவளைகளை எடுத்து உள்ளே வைத்தார். அன்று மாலை வரை அவற்றையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார். தார்ப்பாயில் எத்தனையோ கிழிசல்களைத் தைத்தவன் நான். இதை எங்கே பிடித்துத் தைப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

7. ஆனி மாதம் ஆட்டையாம்பட்டியிலிருந்து மற்றொரு வரன் வந்தது. தறிக்கூடம் நடத்துபவர்கள். மாப்பிள்ளை பெயர் கதிர். எங்களுக்கு அனுப்பப்பட்ட புகைப்படத்தில் அவர் பெரிய கறுப்புக் கண்ணாடி அணிந்திருந்ததால் முகம் தெளிவாகத் தெரியவில்லை. பெண் பார்க்கும் நாளன்று வாசலில் என் மைத்துனர்களை நிறுத்தினேன். பின்கதவில் யாரையும் நிறுத்தித் தடுக்க என் மனைவி சம்மதிக்கவில்லை. குடும்பத்தார் வேனில் வர, கதிர் மட்டும் நூல் வாங்கச் சேலம் சென்றிருந்ததால் தனியே பேருந்தில் வந்தார். பேருந்து அவரைப் பைபாஸில் இறக்கிவிட்டுப் போய்விட்டது. அங்கே தங்கள் நகராட்சியின் மிதிவண்டி ஒன்று நின்றிருந்தது. பேருந்து நிலையம் வரை மிதித்து வந்து, அங்கே வண்டியை விட்டுவிட்டுக் குடும்பத்தாருக்காகக் காத்திருக்கலாம் என்பது அவருடைய எண்ணம். பூட்டு மூடவில்லை. புள்ளியைத் தேடி நடந்தார்.

8. பின்வருவனவற்றைச் சமையலறையில் இருந்த என் மனைவி சொல்லக் கேட்டு எழுதுகிறேன். கதிர் காலணியைக் கழற்றிவிட்டு வண்டியுடன் உள்ளே வந்தபோது, என் மகள் இன்னும் புடவை மாற்றாமல், தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, வாழைக்காய் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்காமல், "ஏனுங்க, சக்கரத்தைத் தொடைச்சுட்டு உள்ள கொண்டாங்க. இன்னைக்கு எங்கூட்டுக்கு ஆளுங்க வாராங்க" என்றார்.

கதிர் சக்கரத்தைத் துடைத்தார். "ஆருங்க வாராங்க?" என்று கேட்டார்.

"என்னையப் பாக்கத்தானுங்க. போன தடவ வந்தவங்க இந்தச் சைக்கிளாலதான் ஓடிப் போனாங்க. வெரசாப் பூட்டிட்டுக் கெளம்புங்க."

அந்த நேரத்தில்தான் அவர் என் மகளை அடையாளம் கண்டுகொண்டதாகத் தெரிகிறது. ஆனால் அதைக் காட்டிக்கொள்ளவில்லை. பதற்றத்தில் கைபேசியை எங்கே காட்டுவதென்று தெரியாமல் அவர் தடுமாற, என் மகளே அதை வாங்கி மிக்சியருகில் பிடித்தார். அப்போது கதிர், "வர்ற மாப்பிள்ளையப் புடிச்சிருக்குதுங்களா?" என்று கேட்டிருக்கிறார்.

"போட்டோல கண்ணாடிதானுங்க தெரியுது. அந்தக் கண்ணாடியோட குடும்பம் நடத்த முடியுமுங்களா?"

கைபேசி பயணம் முடிந்ததாக அறிவித்தது. அவர் நன்றி சொல்லிவிட்டு, வண்டியைக் கொண்டுபோய் நீலக்கூரையில் விட்டார். வேன் வந்ததும் குடும்பத்தாருடன் சேர்ந்து, முன்வாசல் வழியாக, மாப்பிள்ளையாக வந்து உட்கார்ந்தார்.

9. என் மகள் புடவை கட்டிக் காப்பித் தட்டுடன் வந்தார். தலை நிமிர்ந்து பார்த்தார். தட்டைக் கதிரிடம் நீட்டாமல் என்னிடம் நீட்டினார். கதிர் மெதுவாக, "சக்கரத்தைத் தொடைச்சுட்டுத்தானுங்க வந்தேன்" என்றார். பெரியவர்கள் முன்னிலையில் என் மகள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. சங்ககிரியார் போன நாளிலிருந்து அந்தச் சிரிப்பை நான் வீட்டில் தேடிக்கொண்டிருந்தேன். ஒன்றும் விளங்காவிட்டாலும் நானும் சிரித்தேன். இரு வீட்டாரும் கலந்து பேசி, ஆவணியில் திருமணம் என முடிவு செய்துள்ளோம்.

10. இந்நிலையில்தான், எங்கள் சமையலறைச் சுவரில் தங்கள் அலுவலக அறிவிப்பு ஒட்டப்பட்டுள்ளது. அதில், பொது மிதிவண்டி நிலையத்திற்கு உரிய இடத்தில் நான் அடுப்பு, மேடை, பாத்திர அலமாரி ஆகியவற்றை அமைத்து ஆக்கிரமித்திருப்பதாகவும், பதினைந்து நாட்களுக்குள் நானே அவற்றை அகற்றத் தவறினால் நகராட்சி இடித்து அகற்றும் என்றும் கண்டுள்ளது. அம்மா, அந்தச் சமையலறை கட்டி முப்பது ஆண்டுகளுக்கு மேலாகிறது. என் மகள் தவழ்ந்து போய் அரிசிப் பானையைக் கவிழ்த்தது அங்கேதான். தங்கள் திட்டம் வந்தது சென்ற தைப்பொங்கலுக்குப் பிறகு. யார் இடத்தை யார் ஆக்கிரமித்தார்கள் என்பதைத் தாங்களே நியாயமாகப் பார்க்க வேண்டுகிறேன். கல்யாண வீட்டில் அடுப்படி இடிந்து கிடந்தால் வருகிற சனத்திற்கு நாங்கள் என்ன பதில் சொல்வோம்?

11. அறிவிப்பை ஒட்ட வந்த ஊழியர் எப்படி வந்தார் என்பதையும் தங்கள் கவனத்திற்குக் கொண்டுவருகிறேன். அவர் இத்திட்டத்தின் மிதிவண்டியில் வந்தார். நீலக்கூரையின் கீழ் பூட்ட முயன்று முடியாமல், எங்கள் பின்கதவு வழியாக உள்ளே வந்து, மிக்சி மேடையருகில் பூட்டிவிட்டு, அதற்கு மேலே இருந்த சுவரிலேயே அறிவிப்பை ஒட்டினார். "எனக்குச் சங்கடமாத்தானுங்க இருக்குது. ஆனா வேற எங்கயும் மூட மாட்டேங்குதுங்க" என்றார். பசை தீர்ந்துபோனதால் என் மனைவி அவருக்குச் சோற்றுக் கஞ்சி கொடுத்து உதவினார். அவர் நல்ல மனிதர். தம் பெயரை எழுத வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், எழுதவில்லை.

12. ஆகவே தங்களிடம் நான் வேண்டுவன:

முதலாவதாக, மேற்படி ஆக்கிரமிப்பு அறிவிப்பை உடனே திரும்பப் பெற வேண்டும். இடிக்கும் வண்டி எங்கள் சந்துக்குள் வரக்கூடாது.

இரண்டாவதாக, வரைபடத்தில் தவறாக உள்ள புள்ளியை நீலக்கூரையின் கீழ் மாற்றி, மக்கள் அலையாமல் பூட்ட வழி செய்ய வேண்டும். அவர்கள் எங்களால் இதுவரை மனம் நோகவில்லை. ஆனாலும் நாளைக்கு ஒருவர் கொதிக்கும் ரசத்தின் மேல் விழுந்தால் அதற்கு யார் பொறுப்பு?

மூன்றாவது வேண்டுகோளை எழுதுவதற்குத் தயக்கமாக உள்ளது. புள்ளியை மாற்றும் வேலையை ஆவணித் திருமணம் முடிந்த பிறகு தொடங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். இதை எழுதும்படி என் மகள் கூறவில்லை. அவருக்கு இது தெரிந்தால் கோபித்துக்கொள்வார். நான் கவனித்ததை எழுதுகிறேன். நிச்சயமான மாப்பிள்ளை, ஆடி மாதத்தில் பெண் வீட்டு முன்வாசலில் வந்து நின்றால் ஊர் நாலு கேள்வி கேட்கும். மிதிவண்டி நிறுத்த வருபவரை எவரும் ஒன்றும் கேட்பதில்லை. கதிரிடம் சொந்தமாக நல்ல பைக் இருக்கிறது. இருந்தும் ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் ஆட்டையாம்பட்டியிலிருந்து பேருந்தில் வந்து, பைபாஸில் இறங்கி, மிதிவண்டி எடுத்து, எங்கள் பின்கதவு வழியாக வருகிறார். மற்றவர்களுக்கு நொடியில் மூடிவிடும் பூட்டு, அவருக்கு மட்டும் மூட வெகுநேரம் ஆகிறது. என் மகளும் அருகில் நின்று உதவி செய்கிறார். அதை ஒரு தொழில்நுட்பக் கோளாறாக நான் இம்மனுவில் சேர்க்கவில்லை.

தங்கள் கையெழுத்தில் ஒரு நல்ல உத்தரவை எதிர்பார்த்து, குடும்பத்துடன் காத்திருக்கிறேன்.

இடம்: பூலாங்கரடு
நாள்: 28.07.2025

இப்படிக்குத் தங்கள் நகரவாசி,
க. சின்னண்ணன்

இணைப்பு: சமையலறைச் சுவரில் ஒட்டப்பட்ட அறிவிப்பின் நகல் (கஞ்சிக் கறையுடன்).