ஜாமீன் கையெழுத்து

மார்ச் 3, திங்கள்

உலர்த்தும் எந்திரம் மறுபடி நின்றுவிட்டது. ஆஸ்பத்திரி சலவைப் பிரிவு முழுக்க ஈரத்துணி மலை. அறுவைக்கூடத்து விரிப்புகளை மட்டும் எப்படியோ காயவைத்து அனுப்பிவிட்டு வீட்டுக்கு வந்தால், மகள் வாசலிலேயே நிற்கிறாள். கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டதாம். கிரிமினல் ஜஸ்டிஸ், அதாவது குற்றவியல் நீதிப் பட்டம், நாலு வருஷம்.

"அம்மா, நீ ஒரு கையெழுத்து போட்டா போதும். பேங்க்ல கடன் கொடுத்துடுவாங்க."

போட்டால் போதுமாம்!

மார்ச் 5

கடன் தொகை என் ஐந்து வருஷச் சம்பளம். கல்லூரி விளம்பரப் புத்தகத்தில் 'பட்டதாரிகளின் சராசரி வருமானம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்தால் கடன் கொசு மாதிரித் தெரிகிறது. அதுதான் பயமாக இருக்கிறது.

அவளுக்கு ஏன் இந்த ஆசை என்று எனக்குத் தெரியாதா? வேறு யாரோ என்று நினைத்து என் தம்பியைப் பிடித்துக்கொண்டு போனபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. நாலு மாதம் ரிமாண்டில் கிடந்தான். எந்தக் கோர்ட், எந்தத் தேதி என்று சொல்லக்கூட ஆள் இல்லை. இவள் கோர்ட் வராண்டாவில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாள். எங்களிடம் நின்று பேசியது ஒரு நன்னடத்தை அலுவலர் மட்டும்தான். அந்த அம்மாவைப் போல ஆகவேண்டும் என்கிறாள். தப்பான ஆசை என்று எப்படிச் சொல்வேன்?

மார்ச் 10

ஆஸ்பத்திரி கேட்டில் நிற்கும் காவலாளிப் பையனை எல்லோரும் 'ஜட்ஜய்யா' என்று கேலி செய்வார்கள். ஏன் என்று இன்றுதான் கேட்டேன். அவன் படித்தது இதே படிப்பு! இதே கல்லூரி!

"அந்தச் சராசரியில என்னையும் சேத்திருக்காங்களான்னு கேளுங்கம்மா" என்று சிரித்தான். கல்லூரி கடிதம் போட்டுச் சம்பளம் கேட்டதற்கு வேலை கிடைத்தவர்கள் பதில் எழுதிப் போட்டார்களாம், மற்றவர்கள் போடவில்லையாம். அவன் சம்பளத்தில் பாதி இன்னும் கடனுக்குத்தான் போகிறது.

"திரும்பவும் படிப்பியாப்பா?"

ஒரு ஆம்புலன்ஸ் வந்தது. கேட்டைத் திறக்க ஓடினான். திரும்பி வந்து வேறு பேச்சு எடுத்தான்.

மார்ச் 11

சொன்னேன். வெடித்துவிட்டாள். "அவருக்குக் கெடைக்கலன்னா எனக்கும் கெடைக்காதா?" என்றாள். விரலுக்கேத்த வீக்கம்தான் இருக்கணும்டீ என்றேன். அதைச் சொல்லியிருக்கக் கூடாதோ?

"நீ எப்பவும் பயந்தே வாழ்ந்துட்டம்மா."

ஆமாம். பயந்துதான் வாழ்ந்தேன். அவள் அப்பா போய்ச் சேர்ந்த பிறகு வேறு எப்படி வாழ்வது? பயம்தானே மாசாமாசம் வாடகை கட்டியது?

மார்ச் 14

கையெழுத்துப் போடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 19

தம்பி போடுகிறானாம். பைக் ரிப்பேர்க் கடையை ஈடு வைத்து! எனக்குத் தெரியாமல் மாமனும் மருமகளும் பேசி முடித்திருக்கிறார்கள். நேரே கடைக்குப் போனேன். செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தான். தலையே நிமிரவில்லை.

"உனக்குப் பைத்தியமாடா? வெளிய வந்து ஒவ்வொரு ஸ்பானரா வாங்கிச் சேத்த கடைடா இது."

"ஜாமீன் போட ஆள் இல்லாமதானே அக்கா நாலு மாசம் கெடந்தேன்? சொத்துள்ளவன் ஒருத்தன்கூட வரல. இப்ப எங்கிட்ட ஒரு கடை இருக்கு. எம் மருமகளுக்கு நான் ஜாமீன் போடுறேன்."

"அவளுக்கு வேலை கெடைக்கலன்னா?"

"கெடைக்கும்."

"கெடைக்கலன்னாடா?"

எண்ணெய்க் குப்பியை ஓங்கி வைத்தான். "போ அக்கா."

வரும் வழியெல்லாம் அழுதேன். அவனிடம் இதற்கு மேல் என்ன சண்டை போடுவது? எதைச் சொன்னாலும் அந்த நாலு மாதம் குறுக்கே வந்து நிற்கிறது.

மார்ச் 24, திங்கள்

பேங்க். கூப்பிடாமலே போய் அவர்களுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். அதிகாரி நல்ல மனுஷிதான், பக்கம் பக்கமாகப் படித்துக் காட்டினாள். தம்பி எல்லாவற்றுக்கும் தலையாட்டினான். மூன்று இடத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டான்.

பேனா மகள் கைக்கு வந்தது. திடீரென்று கேட்டாள்: "மேடம், நான் கட்டலன்னா முதல்ல யார்கிட்ட வருவீங்க?"

"ஜாமீன்தாரர்கிட்டம்மா. நோட்டீஸ் அவர் கடைக்குத்தான் வரும்."

மகள் அவன் முகத்தைப் பார்த்தாள். நோட்டீஸ் என்ற சொல்லுக்கே அவன் தோள் குறுகிவிட்டது. அவனுக்கே தெரிந்திருக்காது. நான் பார்த்தேன், அவளும் பார்த்தாள்.

பேனாவை மூடி மேஜைமேல் வைத்தாள். "வேணாம் மாமா." எழுந்து வெளியே நடந்துவிட்டாள்.

மார்ச் 27

மகள் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், அவ்வளவுதான். நான் கேட்டது நடந்துவிட்டது — இதில் சந்தோஷம் எங்கே?

ஏப்ரல் 2

தானாகவே போய் ஜட்ஜய்யாவைப் பார்த்திருக்கிறாள். சிறைத்துறையில் காவலர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்களாம், பள்ளிப்படிப்பே போதுமாம். வேலை பார்த்துக்கொண்டே மாலைக் கல்லூரியில் அதே பட்டம். ஆறு வருஷம் ஆகும். கடன் இல்லை. அப்புறம் நன்னடத்தை அலுவலர் தேர்வு எழுதலாம்; அதற்கு எந்தக் கல்லூரி என்று யாரும் கேட்கப்போவதில்லையாம்.

"எந்த ஜெயில்?" என்றேன்.

"பொம்பளைங்க பக்கம்தாம்மா."

"எந்த ஜெயில்டீ?"

தம்பி கிடந்த அதே ஜெயில்.

ஏப்ரல் 3

தம்பியிடம் சொன்னோம். "பூட்டுற சாவியவா கையில வாங்கப்போற?" ஒரே கேள்வி. எழுந்து போய்விட்டான்.

ஜூலை 8

மகளை வேலைக்கு எடுத்துவிட்டார்கள். தம்பி இந்தப் பக்கமே வருவதில்லை. நடுவில் நான் மத்தளம் மாதிரி இரண்டு பக்கமும் இடி வாங்குகிறேன்.

ஆகஸ்ட் 4

முதல் நாள் வேலை. விடிகாலையில் வாசலில் பைக் சத்தம். தம்பி! உள்ளே வரவில்லை. "ஏறு" என்றான் அவளிடம். தெருமுனை வரைக்கும்தான் கொண்டு விட்டானாம், ஜெயில் கேட்டுப் பக்கம் போகவில்லை.

ஆனால் அவள் உள்ளே போகும்வரை அங்கேயே நின்றிருக்கிறான்.

மார்ச் 16, அடுத்த வருஷம்

இன்று பத்து மணிக்கு அவளுக்கு முதல் பரீட்சை. இரவுப் பணி முடிந்து ஏழு மணிக்கு வந்தாள். ஒரு பூட்ஸைக் கழற்றினாள், மற்றதைக் கழற்றுவதற்குள் நாற்காலியிலேயே தூங்கிவிட்டாள். வாய் லேசாகத் திறந்திருக்கிறது, மடியில் சட்டப் புத்தகம். பரீட்சையாவது மண்ணாவது, தூங்கட்டுமே என்றுதான் முதலில் நினைத்தேன். யார் கேட்கப்போகிறார்கள்?

மற்ற பூட்ஸை நானே கழற்றினேன்.

அப்புறம் எழுப்பினேன்.