நாற்பது வினாடி மூச்சு

பாப்பாவின் அம்மாவுக்கு,

போனை எப்போதும் உன் அண்ணனே எடுக்கிறார். அதனால் எழுதுகிறேன்.

மூச்சுக்குழாயில் காற்று எப்படிச் சுழன்று போகிறது என்று கணினியில் கணக்கிடுவதுதானே என் வேலை. எல்லாச் சுழலையும் கணக்கிட மாதக்கணக்கில் ஆகும் என்பதால், சராசரியை மட்டும் எடுத்துக்கொண்டு மற்றதை விட்டுவிடுவோம்.

அன்று மதியம் பாப்பா தூங்கும்போது நீ போனில் பதிந்து எனக்கு அனுப்பிய மூச்சையும் அப்படித்தான் எண்ணிப் பார்த்தேன். "சராசரி சரியாத்தான் இருக்கு, பயப்படாதே" என்றேன்.

"நடுநடுவுல நிக்குதுங்க. அதைக் கொஞ்சம் கேளுங்க" என்றாய்.

அவளை அடக்கம் செய்த பிறகு, போன வாரம்தான் அதை முழுதாகக் கேட்டேன். நிற்கிறது. நீ சொன்ன இடத்திலெல்லாம் நிற்கிறது.

அந்த மூச்சின் வேகத்தை எடுத்துக் கணினியில் ஏற்றியிருக்கிறேன். இந்த முறை சராசரி இல்லை, ஒரு சுழலையும் விடவில்லை. மேலாளர் திரையைப் பார்த்துவிட்டு, "இது யாருக்குப்பா?" என்றார். "வீட்டு வேலை சார்" என்றேன்.

பதிவு நாற்பது வினாடிதான். கணக்கு முடிய நாற்பத்தாறு நாள் ஆகும். அதுவரை அவள் மூச்சு விட்டுக்கொண்டிருப்பாள்.

அதற்குள் ஒருமுறை வா.

இப்படிக்கு,
அவள் அப்பா