மேஸ்திரியின் புல் வீடு

நல்லம்பள்ளி,
4-3-1986

அன்புள்ள இசபெல்லாவுக்கு,

சேசுவுக்குத் தோத்திரம். விரல் இரண்டில் மூங்கில் சிராய் ஏறியிருக்கிறது. அது தவிர நான் நலம். நீயும் தங்கவயலில் உன் அண்ணன் சவுரியப்பன் குடும்பமும் சுகமாயிருக்க மாதாவை மன்றாடுகிறேன்.

தகரக் கூரைக்குக் கீழே இனிக் கால் வைக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டு நீ ரயில் ஏறிப் பத்து மாதம் ஆகிறது. நம் பையனை அடக்கம் செய்த மறுவாரம் அது. அதைப் பற்றி நான் இதுவரை ஒன்றும் எழுதியதில்லை. இப்போதும் வேறு விஷயம் எழுதத்தான் உட்கார்ந்தேன். எங்கள் ஐயா விட்டுப்போன ஏழு சென்ட்டில் வீடு கட்டுகிறேன்.

சிமெண்ட் வீடு இல்லை. மூங்கில், மண், மலைப்புல். கான்கிரீட் தார்சு வீடு பகலெல்லாம் வெயிலைக் குடித்துவைத்து ராத்திரியில் கக்கும். ஊரில் பாதித் தார்சு நான் போட்டவைதானே, எனக்குத் தெரியாதா? வத்தல்மலைக்காரர் கரியன் வந்து கட்டித்தருகிறார். நான் அவருக்குச் சித்தாள். ஊருக்கெல்லாம் தார்சு போடறவரு தனக்குப் புல்லுப் போடறாருங்கோ என்று டீக்கடை மாரப்பன் வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லிச் சிரிக்கிறான். சிரித்துவிட்டுப் போகட்டும்.

மூங்கிலைத் தேய்பிறையில்தான் வெட்டவேண்டும் என்று கரியன் பதினோரு நாள் என்னைச் சும்மா உட்காரவைத்தார். வெட்டியதை மூன்று வாரம் ஏரியில் ஊறப்போட்டோம். ஊறினால் மூங்கிலில் உள்ள இனிப்பு இறங்கிவிடும், வண்டு தேடி வராது என்கிறார். நாற்றம் குடலைப் பிடுங்கியது. துணி துவைக்க வந்த பெண்கள் என்னைத் திட்டித் தீர்த்தார்கள். அவர்கள் மேல் தப்பில்லை.

இப்போது கூரைக்குப் புல் ஏறிவிட்டது. மூங்கிலைப் பிளந்து, அந்தப் பிளாச்சுகளைத் தட்டியாகப் பின்னி, இரண்டு பக்கமும் மண் அப்பிச் சுவரும் எழுப்பியாகிவிட்டது. கரியன் திருவிழாவுக்கு மலையேறி நாலு நாள் ஆகிறது. என் கை சும்மா இருக்குமா? அதற்குள் தெற்குச் சுவருக்கு மட்டும் சிமெண்ட் பூசி, மட்டப்பலகை போட்டு இழுத்துவிட்டேன். முகம் பார்க்கலாம் போல இருக்கிறது. வந்து பார்த்தால் அவரே அசந்துபோவார்.

ஜன்னலுக்கு இன்னும் சுவரை அறுக்கவில்லை; எந்தப் பக்கம் வேண்டும் என்று மட்டுமாவது எழுது.

இப்படிக்கு,
ஞானராஜ்


நல்லம்பள்ளி,
16-6-1986

அன்புள்ள இசபெல்லாவுக்கு,

தோத்திரம். உன் கார்டு கிடைத்தது. ஒரே வரி. யார் குடியிருக்க என்று கேட்டிருக்கிறாய். ஜன்னலைப் பற்றி எழுதாததால் இரண்டு பக்கமும் வைத்துவிட்டேன்.

என் சிமெண்ட் பூச்சு ஒரு மாதம்கூட நிற்கவில்லை. உள்ளே ஈரம் நின்று, கீழிருந்த மண்ணையும் பிய்த்துக்கொண்டு ஆள் உயரத்துக்கு அப்பளமாகக் கழன்று விழுந்தது. கரியன் திட்டவில்லை. மண்ணு மூச்சு வுடணுங்க மேஸ்திரி, நீங்க அதும் மூஞ்சில துணியக் கட்டிட்டீங்க என்றார். இருபத்திரண்டு வருஷம் இந்தத் தொழிலில் இருக்கிறேன். எனக்குத் தலை நிமிரவில்லை. மண்ணும் சாணியும் சாமை வைக்கோலும் போட்டு மிதித்துக் கையாலேயே பூசினோம். பூச்சுக் கரண்டியை அவர் தொடவே விடவில்லை.

சித்திரைக் கடைசியில் வேலை முடிந்தது. அன்று மதியம் இரண்டு மணிக்கு உள்ளே உட்கார்ந்து பார்த்தேன். சட்டையைக் கழற்றத் தோன்றவில்லை. என்னமோ நினைத்துக்கொண்டு சைக்கிளை எடுத்துப்போய், நம் தகர வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். எட்டு வருஷத்தில் மதிய வேளையில் அந்த வீட்டுக்குள் நான் இருந்ததே இல்லை. அந்நேரம் எப்போதும் யாருக்காவது வீடு கட்டிக்கொண்டிருப்பேன். கால்மணி நேரம் தாங்கவில்லை. எழுந்து வந்து தெருவில் நின்றேன். நீ எட்டு வருஷம் உள்ளே இருந்தாய். பையன் ஒன்பது நாள் இருந்தான்.

வயிற்றுப்பிள்ளையோடு இருந்தபோதே தகரத்தின் மேல் நாலு கட்டுப் புல்லாவது போடச் சொன்னாய். மேஸ்திரி வீட்டுக்குப் புல்லா என்று நான் போடவில்லை. பிள்ளை போன பிறகு, எடை குறைவு என்று டாக்டர் சொன்னார், ஆண்டவர் சித்தம் என்று பங்குச் சாமியார் சொன்னார். இரண்டு பேர் முதுகுக்குப் பின்னாலும் நான் ஒளிந்துகொண்டேன். தப்பு என்னுடையது. இதை உன் முகத்தைப் பார்த்துச் சொல்லத் தைரியமில்லாமல்தான் வீடு கட்டிக்கொண்டிருந்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

யார் குடியிருக்க என்று கேட்டாயே. நான் இன்னும் தகர வீட்டில்தான் படுக்கிறேன். புது வீட்டில் தனியாகப் படுக்க மனம் ஒப்பவில்லை. பகலில் போய்ப் பெருக்கிவிட்டு வருகிறேன்.

குடும்பம் நடத்த வா என்று கூப்பிடவில்லை. அந்த உரிமை எனக்கு இல்லை. ஒரு நாள் வா. ஒரே ஒரு மதியம் அந்த வீட்டுக்குள் இரு. பிடிக்காவிட்டால் அன்று சாயங்காலமே மொரப்பூரில் உன்னை ரயில் ஏற்றிவிடுகிறேன். கோபம் தீர்ந்த பிறகு வருகிறேன் என்று தள்ளிப்போடாதே. கோபத்தோடேயே வந்து உட்கார். நான் பக்கத்தில் இருப்பது பிடிக்கவில்லை என்றால் சொல், வெளியே வெயிலில் நிற்கிறேன்.

மாதா உன்னைக் காப்பாளாக.

ஞானராஜ்