பனியன் துணி போர்த்திய ஜீப்

அண்ணா,

இன்று காலையிலிருந்து நம் பனியன் கம்பெனி மொட்டை மாடியில் உங்கள் ஜீப்பின் உறை காய்கிறது. கழித்துப் போட்ட பனியன் துணியை ஒட்டுப்போட்டு நம் டெய்லர்களிடம் நீங்கள் தைத்து வாங்கியது. இரண்டு முறை அலசியும் டீசல் வாசனை போகவில்லை. "ஜீப்புக்கே பனியன் போட்டு உட்டீங்களே" என்று அருள்புரம் ஊரே சிரித்தபோது, "அதுக்கும் வேர்க்குமில்லீங்க" என்று முகம் மாறாமல் பதில் சொன்னீர்கள். அந்த வாசனைதான் இப்போது என்னை உங்களுக்கு எழுத உட்கார வைத்திருக்கிறது.

போன வாரம் வண்டியை விற்றுவிட்டேன். வாங்கியவர் உறை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

நீங்கள் போன பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் நான்தான் அதைக் கிளப்பி வைத்தேன். எஞ்சினைச் சூடாக்கும் ஹீட்டரைப் போட்டு, அதன் கம்பி சிவக்கும்வரை காத்திருந்து, ஸ்டார்ட் செய்து, கொஞ்ச நேரம் உறுமவிட்டு அணைத்துவிடுவேன். எனக்கு ஓட்டத் தெரியாதே. ராணுவ ஏலத்தில் எடுத்த அத்தனை பழைய வண்டி. பச்சைப் பெயிண்டில் ஒரு கீறல் கிடையாது, நிற்கும் இடத்தில் ஒரு சொட்டு ஆயில் கிடையாது. ஆனாலும் சும்மாவே நின்றது. ஆஸ்பத்திரியில் கடைசியாகப் பேசும்போது நீங்கள் சொன்னது அதைப் பற்றித்தான். "வண்டிய நிக்க உட்றாத அம்மிணி. ஓட்டறவங்க கைல குடு."

மகள் போனில் விளம்பரம் போட்டாள். முதலில் வந்தவர் பல்லடம் ரோட்டில் ஹோட்டல் கட்டிக்கொண்டிருப்பவர். போனட்டைத் தட்டிக் கொடுத்தார். எஞ்சினைக் கழற்றிவிட்டு வாசலில் நிறுத்தி, சீரியல் பல்பு சுற்றிவிட்டால் வருகிறவர்கள் எல்லாம் போட்டோ எடுப்பார்கள் என்றார். நல்ல விலைதான். "யோசிச்சுச் சொல்றனுங்க" என்று அனுப்பிவிட்டு, ஷெட்டில் தனியாக இடதுபக்கச் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன்.

அது என் இடம், உங்களுக்குத் தெரியும். தாராபுரம் பக்கம் என்னைக் கட்டிக் கொடுத்த ஊருக்கு மழையில் பஸ் வராத நாளில், பக்கத்து வீட்டு போனிலிருந்து "அண்ணா, வாங்க" என்று மட்டும்தான் சொன்னேன். வேலிகளுக்கு நடுவே போகும் அந்த மண்தடம் முழங்கால் சேறாகக் கிடந்தது. மதியத்துக்குள் ஜீப் வாசலில் நின்றது. என் கன்னத்தைப் பார்த்தீர்கள். பிறகு என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பி, "மழை நிக்கறாப்புல இல்லீங்க மாப்பள. இவளையும் கொழந்தையையும் கூட்டிட்டுப் போறனுங்க" என்றீர்கள்.

"இந்தச் சேத்துல எந்தூரு போய்ச் சேர்றீங்கன்னு பாக்கறேன்" என்றார் அவர்.

நீங்கள் எங்களை ஏற்றி உட்கார வைத்தீர்கள். கியருக்குப் பக்கத்தில் இருந்த குட்டைக் கம்பியை இழுத்தீர்கள். நாலு சக்கரமும் சேர்ந்து மண்ணைக் கவ்வின. மடியில் குழந்தையோடு நான் திரும்பிப் பார்க்கவில்லை. வழி முழுக்க முன் சக்கரம் எப்படி இழுக்கிறது, பின் சக்கரம் எப்படித் தள்ளுகிறது என்று சொல்லிக்கொண்டே வந்தீர்கள். என்ன நடந்தது என்று அன்றும் கேட்கவில்லை, அதற்குப் பிறகு ஒருநாளும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அந்த வண்டி ஷெட்டில் நிற்கும்வரை எங்கிருந்தும் வெளியே வந்துவிடலாம் என்று ஒரு தைரியம் எனக்கு. அதனால்தான் விற்க மனசு வரவில்லை.

அடுத்து வந்தது உடுமலைப் பக்கத்து மாட்டு டாக்டர். நாற்பது வயதுக்குள் இருக்கும் பெண். மலையூர்களுக்கு வைத்தியம் பார்க்கப் போகிறவர். "பாதி வழில எறங்கி மருந்துப் பெட்டியத் தூக்கிட்டு நடக்கறனுங்க" என்றார். ஓட்டிப் பார்க்கட்டும் என்று சாவியைக் கொடுத்து, நானும் ஏறிக்கொண்டேன். சாமளாபுரம் தாண்டியதும் மழை பிடித்துக்கொண்டது. தறிக்குடோனுக்கு நூல் மூட்டை ஏற்றிப் போன ஒரு சின்ன லோடு வண்டி சேற்றில் அச்சுவரை இறங்கி நின்றது. டிரைவர் தெற்கத்திக்காரர். "எவ்வளவு நேரமாத் தள்ளுதேன், அசைய மாட்டேங்குக்கா!" என்று கை விரித்தார்.

டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "இழுக்கட்டுங்களா?"

"இழுங்க."

கயிற்றைக் கட்டிவிட்டு வந்து அந்தக் குட்டைக் கம்பியைப் போட்டார். ஜீப்பின் குரல் அடிவயிற்றுக்கு இறங்கியது. எத்தனையோ வருஷம் கழித்து அந்தச் சத்தத்தைக் கேட்கிறேன், அண்ணா. ஒரு குலுக்கல், இன்னொரு குலுக்கல், லோடு வண்டி மேலே வந்துவிட்டது. நூல் நனையாமல் தப்பித்த சந்தோஷத்தில் அந்த டிரைவர் ஜீப்பைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

திரும்பும் வழியில் நான் பேச ஆரம்பித்திருந்தேன். "எங்கண்ணன் இதுலதான் என்னையக் கூட்டிட்டு வந்தாருங்க." முன்பின் தெரியாத மனுஷியிடம். அவர் ரோட்டைப் பார்த்தபடியே, "அப்புறம்?" என்றார். சொன்னேன். நான் நிறுத்திய இடத்திலெல்லாம் "அப்புறம்?" என்று கேட்டார். அடி, பட்டினி, மாமியார் கதவைச் சாத்திக்கொண்டது, எல்லாவற்றையும் கம்பெனி வாசல் வருவதற்குள் சொல்லி முடித்துவிட்டேன். இறங்கியபோது எனக்கு அப்படி ஒரு பசி. இரண்டு பேரும் எதிர்க்கடையில் உட்கார்ந்து புரோட்டா சாப்பிட்டோம். சாப்பிட்டுக்கொண்டே விலை பேசி முடித்தோம்.

ஹோட்டல்காரர் மறுநாள் கூப்பிட்டார். "அது ஓடற வண்டிங்க, ஓடப் போயிருச்சுங்க" என்றேன். வண்டி கேட்டைத் தாண்டும்போது அழுவேன் என்று பயந்திருந்தேன். அழவில்லை. தோளிலிருந்து ஒரு மூட்டையை யாரோ இறக்கி வைத்தது போல இருந்தது.

கொஞ்சம் முன்னால் டாக்டர் போன் செய்தார். கன்று போட முடியாமல் ஒரு மாடு தவித்ததாம், மலைமேல் அந்த வீட்டு வாசல்வரை வண்டி போயிற்றாம். "ரெண்டு உசுரும் நல்லாருக்குதும்மா" என்றார்.

என்னிடம் மிச்சம் இருப்பது அந்த மழைநாள் மட்டும். அன்று என் மடியில் இருந்தவளுக்கு அது நினைவே இல்லை. அவளும் என்னிடம் கேட்டதில்லை. உங்களைப் பார்த்து வளர்ந்தவள்தானே. இந்த ஞாயிறு வருகிறாள். அவள் கேட்கும்வரை நான் காத்திருக்கப் போவதில்லை.