மழையைத் துடைத்த படம்

செல்ல மகளுக்கு, அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் நன்றாக இருக்கிறோம், அப்பாவின் முழங்கால் மட்டும் தனிக் கட்சி. உன் சுகத்தை நீயே உன் கையால் எழுதினால்தான் நம்புவேன், ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

அருங்காட்சியகத்தில் இப்போது என் மேசைக்கு ஜப்பானிய மரக்கட்டை அச்சுப் படங்கள் வந்திருக்கின்றன. ஒரே கட்டையில் மை தடவி நூற்றுக்கணக்கில் அடித்தவை, ஆனாலும் ஒன்றைப் போல் இன்னொன்று இருக்காது, கட்டை தேயத் தேயக் கோடுகள் உடைந்துபோகும். எது முந்தி அடித்தது, எது பிந்தி என்று கண்டுபிடிக்கத்தான் புரோகிராம் எழுதுகிறேன். இரண்டு பிரதிகளை ஸ்கேன் செய்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் ஒத்துப்போகிற இடமெல்லாம் சாம்பல் நிறமாகிவிடும், மாறிய இடம் மட்டும் சிவப்பாகத் தெரியும். ஜன்னல் திரையை இழுத்துவிட்டு அந்தச் சாம்பலைப் பார்த்துக்கொண்டே இருந்தால் எங்கே இருக்கிறேன் என்பதே மறந்துவிடுகிறது, படத்து மழையில் பாலத்தின் மேல் போகிறவர்களோடு நானும் போகிறேன், என் செருப்புகூட நனைகிற மாதிரி இருக்கிறது, காவலாளி வந்து பூட்டட்டுமா என்று கேட்டால்தான் நினைவு திரும்புகிறது.

போன வாரம் ஒரு கூத்து. பழைய காகிதத்தில் விழுந்த கீறல்களை நீக்கச் சொல்லிப் புரோகிராமில் எழுதியிருந்தேன், அது மெல்லிசாகச் சாய்ந்த கோடெல்லாம் கீறல் என்று நினைத்துக்கொண்டு மழையை மொத்தமாகத் துடைத்துவிட்டது. வெறும் வானம், அதன் கீழே நாலு பேர் குடையை இறுக்கிப் பிடித்துத் தோளைக் குறுக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். அப்பாவுக்குக் காட்டினேன், வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, பாவம்டி, மழை நின்னுடுச்சுன்னு அவங்ககிட்ட யாராச்சும் சொல்லக் கூடாதா என்றார். அன்று சாயங்காலம்தான் நீ வீடியோவில் பேசினாய்.

கோபித்துக்கொள்ளாதே. நீ பேசும்போதெல்லாம் ஒரு படம் பிடித்து வைத்துக்கொள்வேன், சும்மா பார்த்துக்கொண்டிருக்கத்தான். தொழில் புத்தி விடுமா, போன வருஷத்துப் படத்தின் மேல் அன்று பிடித்த படத்தை வைத்துப் பார்த்தேன். அதே சுவர், அதே அலமாரி, அதே சிரிப்பு, எல்லாம் சாம்பல். உனக்குப் பின்னால் மாப்பிள்ளையின் கோட் தொங்கிய இடம் சிவப்பு. உன் தோள் இரண்டும் சிவப்பு, குறுகிப் போயிருக்கின்றன. அவர் வேலையாக வெளியூர் போயிருக்கிறார் என்று நீயும் மாசக்கணக்கில் சொல்லிக்கொண்டிருக்கிறாய், எனக்கு மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது. அப்பாவிடம் சொன்னேன். நீ ஒண்ணும் துருவாதே, அவளே சொல்லட்டும் என்றார். சொல்லிவிட்டு எழுந்துபோய் உன் மாடி அறையில் அடைத்து வைத்திருந்த தட்டுமுட்டுச் சாமான்களை ஒவ்வொன்றாகக் கீழே இறக்கினார், அந்த முழங்காலோடு.

நான் துருவவில்லை. வேளைக்குச் சாப்பிடு, ஈரத் தலையோடு படுக்காதே, என்ன ஆனாலும் நீ நன்றாக இருக்க வேண்டும், இருப்பாய். வீட்டுச் சாவி ஒன்று உன்னிடம் இருக்கிறது, மறந்துவிடாதே. அடுத்த முறை பேசும்போது எங்களுக்காக மழையைத் துடைத்துவிட்டு வராதே கண்ணு, நனைந்தபடியே வா.

என்றும் உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா