மிஸ்டர் ஜம்புவின் காலிக் குமிழ்கள்

பெஹாலா,
12 ஜூன் 2024

அன்புள்ள அக்கா,

கூரியர் வந்தது. தெருவில் முழங்கால் அளவு தண்ணீர். உன் சித்திரக்கதைப் பக்கங்கள் நனையாமல் வந்ததே பெரிது. வழக்கம்போல் படத்தை வரைந்து, பேச்சுக் குமிழ்களைக் காலியாக விட்டிருக்கிறாய், அப்பா சொல்வதை நான் எழுதி அனுப்புவேன் என்று. உன் 'மிஸ்டர் ஜம்பு' இத்தனை வருடமும் அப்படித்தானே பேசினார்? மீன்காரரிடம் அப்பா, "இது என்னையே பாக்கறதேப்பா! அறிமுகமானவாள எப்படிச் சாப்பிடறது?" என்று கேட்டதற்கு ராட்டர்டாமே சிரித்ததாக எழுதியிருந்தாய்.

பக்கவாதம் வந்ததிலிருந்து அவருக்குப் பேச்சில்லை என்று சொன்னேனே. இருந்தும் பக்கங்களைக் காட்டினேன். வாயைத் திறந்தார். சத்தம்தான் வந்தது. அப்புறம் அழுதார். உன் பெயரைச் சொன்னால் வாசலைப் பார்க்கிறார். ஒரு வாரமாவது வந்துவிட்டுப் போயேன்.

உன்னை எதிர்பார்க்கும்,
ஹம்சினி

ராட்டர்டாம்,
2 ஜூலை 2024

ஹம்சிக் குட்டிக்கு,

படித்ததிலிருந்து கை ஓடவில்லை. ஆனால் இப்போது எப்படி வருவேன்? ஹோட்டலில் தட்டுக் கழுவிக்கொண்டே டச்சு படித்து, வரைந்து, இப்போதுதான் பத்திரிகையில் 'நம் டச்சு ஓவியர்' என்று எழுதுகிறார்கள். ஒரு வாரம் பக்கம் வராவிட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் தயார். அக்டோபரில் ஜம்பு கதைகளின் ஆல்பத்தை, புத்தகமாக வருவதை, முடித்தாக வேண்டும்.

அப்பா பேச்சு உனக்கு அத்துப்படி. நீயே எழுதி அனுப்பிவிடேன். அவர் நோயையும் கதையில் கொண்டுவரலாம் என்றிருக்கிறேன். கட்டில், மருந்து மேஜை, பக்கத்து நாற்காலி எல்லாவற்றையும் படமெடுத்து அனுப்பு. ஆல்பம் முடிந்ததும் ஓடி வருகிறேன்.

முத்தங்களுடன்,
மேக்னா

பெஹாலா,
25 ஜூலை 2024

அன்புள்ள அக்கா,

நீ கேட்ட படங்களை அனுப்பியிருக்கிறேன். குமிழ்களில் ஒன்றும் எழுதவில்லை. பேச முடியாமல் படுத்திருப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து அவர் பெயரில் நான் எப்படி ஜோக் எழுதுவேன்? காலியாகவே திருப்பி அனுப்புகிறேன். இதைப் பார்த்தாவது நீ கிளம்பி வருவாய் என்று நினைக்கிறேன்.

ஜாதவ்பூர் நூலக வேலையை விட்டுவிட்டேன். அவரைத் தனியாக விட முடியவில்லை. கஞ்சி புரையேறினால் அவரை நிமிர்த்திப் பிடித்து முதுகைத் தட்டுகிறேன். பயமாக இருக்கிறது அக்கா. வந்துவிடு.

ஹம்சினி

ராட்டர்டாம்,
18 நவம்பர் 2024

என் செல்ல ஹம்சிக்கு,

நீ என்ன செய்திருக்கிறாய் என்று உனக்கே தெரியாது! காலிக் குமிழ்களைப் பார்த்துப் பதிப்பாசிரியர் அழுதுவிட்டார். "இதில் ஒரு எழுத்தும் சேர்க்காதே" என்றார். அப்படியே அச்சாகிவிட்டது. வாசகர்கள் கடிதம் கடிதமாக எழுதுகிறார்கள். விருதுப் பட்டியலிலும் வந்திருக்கிறது. ஜனவரியில் விழா, அது முடிந்ததும் டிக்கெட் போடுகிறேன், சத்தியமாக. புத்தகத்தை அப்பாவிடம் காட்டு.

உன்னை நினைத்துப் பெருமைப்படும் அக்கா,
மேக்னா

பெஹாலா,
9 டிசம்பர் 2024

அக்கா,

புத்தகம் வந்தது. அப்பாவைச் சாய்த்து உட்காரவைத்து ஒவ்வொரு பக்கமாகக் காட்டினேன். கடைசிப் பக்கத்தில் கட்டில், மருந்து மேஜை, ஜன்னலில் காயும் அவர் துண்டு எல்லாம் அப்படியே இருக்கின்றன. நாற்காலியில் நீ உட்கார்ந்திருக்கிறாய், அவர் கையைப் பிடித்துக்கொண்டு.

பக்கத்து ஃபிளாட் பெங்காலி மாமி, நம் காகிமா, எட்டிப் பார்த்து, "இதில் நீ எங்கே?" என்று கேட்டார். படமெடுத்தது நான் என்றேன்.

அப்பா இடது கை விரலை உன் மேல் வைத்தார். அப்புறம் வாசலைப் பார்த்தார். நீ வந்துவிட்டாய் என்று நினைக்கிறார் போல. அன்றிலிருந்து, அது உன் இடம் என்பதுபோல், நான் நாற்காலியில் உட்கார்ந்தால் தலையைத் திருப்பிக்கொள்கிறார். ஸ்பூனைக் கொண்டுபோனால் வாயை மூடிக்கொள்கிறார். வெளியூரில் யாராவது இருந்தால் வரச் சொல்லுங்கள் என்று டாக்டர் நேற்று சொல்லிவிட்டார்.

விழாவைப் பற்றி எனக்கு எழுதாதே. உடனே வா. வர முடியாதென்றால் அந்த நாற்காலியை விட்டு எழுந்திரு. அவர் என் கையால் ஒரு வாய் கஞ்சியாவது குடிக்கட்டும்.

ஹம்சினி